பெரிய சிஸ்டர் தூங்கிய அமாவாசை

ஆரணி வட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவன் நான்.

பொய். நான் பார்த்தது பிரசவ அறையின் கதவை மட்டும்தான். பச்சை பெயிண்ட் அடித்த இரட்டைக் கதவு. கீழ்ப்பக்கம் முழுக்க என் ஸ்ட்ரெச்சர் இடித்த தழும்பு. கர்ப்பிணிகளை அந்தக் கதவுவரை தள்ளிக்கொண்டு போவதுதான் என் உத்தியோகம். அதற்கு மேல் எனக்கு அனுமதியும் இல்லை, தைரியமும் இல்லை. பள்ளிக்கூடம் என்னைப் பார்த்து அஞ்சாவதிலேயே ஓடிவிட்டது. நான் எழுதிய இந்தக் கதையில் இருந்த எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். அறிவுப் பிழைகளை அப்படியே விட்டுவிட்டாள், அதைத் திருத்தி மாளாதாம்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு பெரிய சிஸ்டர் வருவார். தேசூர் பக்கத்துக்காரர், லேபர் வார்டுக்கு அவர்தான் பொறுப்பு. துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டி, ஆணா பெண்ணா என்று சொல்லி முடிப்பதற்குள் சொந்தக்காரர்கள் அவர் உள்ளங்கையில் சர்க்கரையைக் கொட்டுவார்கள். அவர் நுனிநாக்கில் ஒன்றிரண்டு மணியை ஒட்டிக்கொண்டு மீதியை என் கையில் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார். எனக்குச் சர்க்கரை வியாதி வந்தால் ஊரில் பிறந்த பிள்ளைகள்தான் பொறுப்பு. “சிஸ்டர், ஒரு போட்டோ” என்று யாராவது செல்போனை நீட்டினால் “அப்புறம்” என்பார். சாப்பிட்டீர்களா என்றாலும் அதே “அப்புறம்”தான். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் சந்தவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே ரத்தம் நிறையப் போயிருந்தது. எல்லோரும் ஓடினார்கள், எல்லாம் செய்தார்கள். அவள் பிழைக்கவில்லை. பெரிய சிஸ்டர் அவள் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, பின்னல் போட்டு, அதற்குப் பிறகுதான் கதவுக்கு வெளியே என்னிடம் அனுப்பினார். நான் தள்ளிக்கொண்டு திரும்பும்போதே உள்ளே அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை கத்துகிற சத்தம் கேட்டது.

பிற்பாடு அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் எதையாவது உளறி அவரிடம் திட்டு வாங்குவது என் வழக்கம். திட்டினால் கொஞ்சம் தேறிவிடுவார். “சிஸ்டர், ஏரித் தண்ணியெல்லாம் நீங்களே காலி பண்ணிடுவீங்க போல” என்றேன்.

அவர் திட்டவில்லை.

“அந்தக் கொழந்த அழுதுச்சி இல்ல? எனுக்கு ஒண்ணுமே தோணலய்யா. கொழாய்ல தண்ணி ஊத்தற மாரி இருந்துச்சி. செத்துப்போனவளுக்கும் அழுகை வரல. மரத்துப்போச்சி. வேலைய வுட்டுர்லாம்னு கீறேன்.”

அவர் இல்லாத வார்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதையாவது சொல்லி மடக்க வேண்டுமே என்று, “உங்க கையால பொழச்சிப் போனவங்க எவ்ளோ பேரு! யாராச்சும் ஒருத்தர் பேரு சொல்லுங்க” என்றேன்.

அவர் யோசித்தார். போய்ச் சேர்ந்தவர்களைச் சொன்னார். யாருடைய புருஷன் எங்கே விழுந்து அழுதான், யார் என்ன நிறத்தில் சேலை கட்டி வந்தாள், எல்லாம் சொன்னார். நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்களில் ஒரு பெயர்கூட வரவில்லை.

என் மூளைக்கு அப்போதுதான் ஒன்று எட்டியது. சாவு வந்தால் அது நம்மை நிறுத்திவிடும். பின்னல் போட வைக்கும், உறவுக்காரர் முன்னால் நிற்க வைக்கும். பிழைத்துப் போகிறவர்கள் யாரையும் நிறுத்துவதில்லை. ஆட்டோ பிடித்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களைப் பார்க்க நாமாகத்தான் நிற்க வேண்டும். சிஸ்டர் நின்றதே இல்லை. ஆகவே அவர் கணக்கில் சேர்ந்ததெல்லாம் சாவு மட்டும்தான்.

அன்று பொழுதுசாய இதை என் பக்கத்து வீட்டு நெசவுக்காரனிடம் சொன்னேன். அவன் மகள் குறைமாதத்தில் பிறந்தவள், அணில் குஞ்சு அளவு இருந்தாள். பெரிய சிஸ்டர்தான் அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, “தறியில உக்கார மாரி ஆடாம உக்காரு” என்று உட்கார வைத்தவர். அவனும் அவன் பெண்சாதியும் மாற்றி மாற்றி நெஞ்சுச் சூட்டிலேயே அவளைத் தேற்றினார்கள். இப்போது அவள் தெருவில் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

அவன் கேட்டான். “தறியில ஒரு பாவு நூலு முடிஞ்சா பொடவைய அறுத்து எடுத்து, பூ வெச்சி, வாய்க்கு இனிப்பா ஒண்ணு போட்டுட்டுதான்டா அடுத்த பாவு பிணைக்கறோம். அமாவாச வந்தா தறிக்கே லீவு. உங்க சிஸ்டரு அறுக்காமலே நெய்துகினு கீறாங்களா? இட்டுகினு வாடா அவுங்கள, வர்ற அமாவாசைக்கு.”

கூப்பிட்டேன். “அப்புறம்” என்றார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பொய்தான். அமாவாசையன்று அவர் ஷிஃப்ட் முடிந்து பையை எடுக்கும்போது, “சிஸ்டர், எங்க பக்கத்து வூட்டுக் கொழந்தைய ஒரு தபா பாக்கணும், ஜல்தி” என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

போய் இறங்கினால் தறிக்குப் பொட்டு வைத்திருக்கிறது, கீழே இலை போட்டிருக்கிறது, வடை வாசம் தூக்குகிறது. கேஸ் என்று நினைத்து ஓடி வந்தவர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “உன் வாய்ல நெசமே வராதாய்யா?”

“கொழந்தைய பாக்கணும்னுதான சொன்னேன். பாருங்க.”

“யாரு இது?” என்றார். உண்மையாகவே தெரியவில்லை. நெசவுக்காரனின் பெண்சாதி சொன்னாள். சிஸ்டர் குழந்தையை மடியில் இழுத்து, பழக்கத்தில் நெஞ்சில் கைவைத்து மூச்சைப் பார்த்தார். அது திமிறிக்கொண்டு ஓடியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தப்பா நெனச்சிக்காதம்மா. எனுக்கு இப்பவும் ஒண்ணும் தோணல.”

நான் செத்தேன் என்று நினைத்தேன். அவள் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, “தோணலன்னா போவுதுக்கா. சாப்டு படுங்க” என்றாள்.

சாப்பிட்டார். தறிக்குப் பக்கத்தில் விரித்த பாயில் அப்படியே சாய்ந்தார். தலையணையைக்கூடச் சரிசெய்யவில்லை. குழந்தை அவர் காதருகில் தட்டைப் போட்டுத் தட்டியது, அசையவில்லை. நெசவுக்காரன் வாசலில் நின்று தெருவில் போகிறவர்களையெல்லாம் சைகையால் அடக்கினான். அவர் செல்போன் அடித்தபோது நான்தான் எடுத்தேன். வார்டில் ஏதோ சாவி எங்கே என்று கேட்டார்கள். “சிஸ்டர் லீவு” என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்வது எனக்கே புதிதாக இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தார். கன்னத்தில் பாய்க்கோடு.

வேலையை விடுகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. சந்தோஷமாகிவிட்டார் என்று சொன்னால் அது உங்களிடம் நான் சொல்லும் இரண்டாவது பொய். ஆனால் ஒரு தாய் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பினால், கையில் இருக்கிற வேலையைச் சின்ன சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வாசல்வரை கூடவே வருவார். பேர் கேட்பார். ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை நிற்பார். பிறகு மரத்தடி சிமெண்ட் மேடையில் போய் உட்கார்ந்துகொள்வார். முதலில் அவர் மட்டும் உட்கார்ந்தார், பிறகு மற்ற சிஸ்டர்களையும் முறைபோட்டு உட்கார வைத்தார். ஓய்வு பெற்றுத் தேசூருக்குப் போகும்வரை இது நடந்தது. இன்றைக்கு அந்த மேடையில் நோயாளிகளின் செருப்புதான் உட்கார்ந்திருக்கிறது.

அவர் மேடையில் உட்காரத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். “இப்போ எதுனா தோணுதா சிஸ்டர்?”

அவர் காலை நீட்டிக்கொண்டார்.

“கால் வலிக்குதுய்யா” என்றார். “இத்தினி வருசமா வலிச்சிகினே இருந்திருக்கும் போல. இப்பதான் தெரியுது.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்றால்,

“அண்ணே! ஸ்ட்ரெச்சர் எட்த்துகினு வாங்க, ஆம்புலன்ஸ் வந்துட்ச்சி!”

இருங்கள், இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.