அரசலாற்றுப் பாலத்தில் ஒரு மலையேற்றம்

காலை 5.45. சுனாமி வந்துபோன மூன்றாம் வருடம், விழிதியூரிலிருந்து காரைக்காலுக்குப் புறப்பட்டேன். ஐந்தாறு கிலோமீட்டருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரிக்க வேண்டாம். நான் ஓட்டியது, சாய்ந்து படுத்தபடி காலை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிள். பிரான்சில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்குக் கொண்டுவந்து விட்டுப்போனது. நெல் மூட்டை தூக்கி முதுகு போனபின் வேறு எந்த சீட்டிலும் என்னால் உட்கார முடிவதில்லை.

என் மனைவி வாசுகி அரசாங்கப் பள்ளி டீச்சர். மாஹேவுக்கு மாற்றிவிட்டார்கள். நம் புதுச்சேரி மாநிலத்து ஊர்தான். ஆனால் கேரளக் கரையில் கிடக்கிறது. அவள் குடியிருக்கும் வீடு செங்குத்தான மேட்டின் உச்சியில். நடந்து ஏற என் முதுகு விடாது. ஒன்றரை வருடமாக நான் இங்கே, அவள் அங்கே. சாயங்காலமானால் அவள் நினைப்பில் சோறு இறங்குவதில்லை. சைக்கிளில் மேடேறப் பழகிவிட்டால் அங்கேயே போய் இருந்துவிடலாம்.

காரைக்காலில் மேட்டுக்கு எங்கே போவது? தேடியதில் அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் கிடைத்தது.

6.30. பாலத்தடியில் செல்வராசு நின்றான். என்னோடு படித்தவன், கிளிஞ்சல்மேட்டில் படகு வைத்திருக்கிறான்.

“என்ன மாப்ள, கட்டிலோட கெளம்பிட்டியா?”

பாதி ஏற்றத்தில் வேகம் செத்துப்போனது. பாலம் வந்தால் எழுந்து நின்று மிதிப்பது நம் ஊர்ப் பழக்கம். நானும் எழப் பார்த்தேன். முதுகில் சுரீர் என்றது. சைக்கிள் பின்னால் உருண்டு, மீன்கூடையோடு வந்த அம்மாளை இடிக்கப் போனது.

“ஏம்ப்பா, தூங்குறதா இருந்தா வீட்ல தூங்கக் கூடாதா?” என்றார் அவர்.

“எந்திரிக்காதடா! கியரு எதுக்கு இருக்கு?” என்று செல்வராசு கத்தினான்.

கியரா! சமதரையில் வளர்ந்தவன் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அடுத்த முறை ஏற்றத்துக்கு முன்பே கியரைக் குறைத்தேன். பயத்தில் கைப்பிடியை இறுக்கியதில் தள்ளாடி விழுந்தேன். மூன்றாம் முறை முதுகை சீட்டில் நன்றாகக் கொடுத்து, கையைத் தளரவிட்டு, நடை வேகத்தில் மிதித்தேன். செல்வராசு கூடவே நடந்து வந்தான். உச்சியில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே ஆறு கிழக்கே போனது. நான் போக வேண்டியது மேற்கே.

7.20. டீ மூன்று ரூபாய். குடித்துவிட்டு வாசுகிக்கு செல்லில் பேசினேன்.

“நானே பேசணும்னு இருந்தேங்க. மேட்டுக்குக் கீழயே ஒரு வீடு பாத்திருக்கேன். மழ பேஞ்சா உள்ள தண்ணி வருமாம். பரவால்ல, உங்களுக்கு ஏற வேணாம்ல.”

“அந்த வீடு வேணாம்னு சொல்லிடு.”

“அப்ப நீங்க வரலையா?” குரல் உடைந்துவிட்டது.

“வர்றேன் புள்ள. நீ இருக்குற வீட்டுக்கே ஏறி வர்றேன். இப்பத்தான் பாலத்துல ஏறிட்டு நிக்கிறேன்.”

“விழுந்தீங்களா?”

“ஒரே ஒரு தடவ.”

“வாங்க. விழுந்தாலும் இங்க வந்து விழுங்க.”