மூட்டைக்காரம்மாவுக்கு இருபது செகண்ட்

கேம் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு மாநாட்டு ஹாலில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது. அப்படிச் சிரித்துத் தாடை வலித்தவர் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நாங்கள் இரண்டே பேர். படம் வரைவது நான், ஊர் வடக்கனந்தல். புரோகிராம் எழுதுவது குமரன், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்காரன். ஆபீஸ், கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடி. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஒரு போன் கேமை மூன்று வருஷமாகச் செய்து, அதை வெளியிட ஒரு கம்பெனி கிடைக்காதா என்று மாநாடு மாநாடாக அலைந்தோம். இதற்கிடையில் குமரனுக்குச் சென்னையில் ஒரு வேலை வந்துவிட்டது. சென்னையில் நடந்த இந்த மாநாட்டுக்குப் போகும் வழியில், உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது மெதுவாகச் சொன்னான், "இந்த வாட்டியும் யாரும் எடுக்கலன்னா நான் வேலைக்குப் பூடறேன் மச்சான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

எந்த ஊர்?

பதிவு மேசையில் இருந்த பெண், கம்ப்யூட்டரில் ஊர்ப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். கள்ளக்குறிச்சி இல்லை. பக்கத்தில் விழுப்புரம் இருக்கிறதா என்று கேட்டேன், அதுவும் இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவருக்கே எங்களைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. அட்டையை நீட்டியபடி சொன்னார்: "சென்னைன்னு அடிச்சிட்டேன் சார். ரெண்டு நாளைக்குத்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

நல்ல இடம்

எங்கள் ஸ்டாலுக்கு ஒதுக்கிய இடம் டாய்லெட் கதவுக்குப் பக்கத்தில். குமரன் முகம் தொங்கிப்போனது. ஆனால் அன்று எங்கள் கேமை ஆடியவர்கள் எல்லாம் அந்த டாய்லெட் வரிசையில் நின்றவர்கள்தான். பாதி மலை ஏறியதும் அவரவர் முறை வந்துவிடும், போனை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள்.

ஒருவர் மட்டும் தன் முறை வந்தும் போகாமல், பின்னால் இருந்த இரண்டு பேரை முன்னால் அனுப்பிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் முடியாமல் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார்: "தம்பி, பஸ்ஸை அங்கயே நிறுத்தி வைங்க, இதோ வந்துட்டேன்!"

பத்து நிமிஷம்

மத்தியானம், கேம் வெளியிடும் ஒரு பெரிய கம்பெனிக்காரரோடு சந்திப்பு. ஆளுக்குப் பத்து நிமிஷம், முடிந்ததும் மணி அடித்துவிடுவார்கள். எங்கள் கேமில் மூன்றாவது வளைவில் ஒரு பெண் தலையில் சாமை மூட்டையோடு ஓடி வருவார். அவர் ஏறும்வரை இருபது செகண்ட் பஸ் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அழுத்த ஒரு பட்டனும் கிடையாது. விட்டுவிட்டுக் கிளம்பினால் உள்ளே இருக்கிற அத்தனை பயணிகளும் கூச்சல் போடுவார்கள்.

கம்பெனிக்காரர் நிற்காமல் பஸ்ஸைக் கிளப்பினார். போனுக்குள் எல்லோரும் கத்த, மனிதர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். ஆனாலும் கோபப்படவில்லை, தன்மையாகவே சொன்னார்: "கேம் அழகா இருக்குப்பா. ஆனா இருபது செகண்ட் எவனும் சும்மா உக்காந்திருக்க மாட்டான். அந்தம்மாவைத் தூக்கிடுங்க, நாளைக்கே பேசலாம்."

பத்து வரி

வெளியே டீக்கடையில் குமரன் லேப்டாப்பைத் திறந்தான். பத்து வரி அழித்தால் போதும், மூட்டைக்காரம்மா காணாமல் போய்விடுவார். ஆனால் அவர் கற்பனை இல்லை, குமரனின் அம்மா. சந்தைக்கு மூட்டையோடு அவர் ஓடி வருவதை, பஸ் படிக்கட்டில் நின்று பதறிப் பதறிப் பார்த்தவன் அவன். எந்த டிரைவரும் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான், "அழிச்சிடுடா" என்றேன். அவன் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற சுயநலம்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவன் விரலைக் கீபோர்டில் வைத்தான், எடுத்தான், லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்: "நீயே அழி மச்சான். எனக்குக் கை வர்ல."

ஷட்டில் வேன்

எனக்கும் வரவில்லை. மறுநாள் காலை, மூட்டைக்காரம்மா இருந்த மேனிக்கே கேமை எடுத்துக்கொண்டு, மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஹாலுக்குப் போகும் வேனில் ஏறினோம். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பின் கண்ணாடியில் பார்த்தால், நேற்றைய கம்பெனிக்காரர், தோளில் பையோடு தலைதெறிக்க ஓடி வருகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் குமரன் எழுந்து வேனைப் படபடவென்று தட்டினான். "அண்ணே, நிறுத்துண்ணே! ஆளு ஓடியாந்துகினு கீறாரு!" வேனில் இருந்த எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். வேன் நின்றது.

ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தவர், குமரன் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். இரண்டு சிக்னல் தாண்டியது. அப்புறம் கேட்டார், "ஏம்ப்பா, அந்தம்மா பதினஞ்சு செகண்ட்ல ஏற மாட்டாங்களா?" சரி என்று சொல்லித் தொலையேன்டா என்று நான் குமரனின் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டு சொன்னான்: "தலைல மூட்ட கீது சார். இருபது ஆவும்."

அவர் இருபதுக்கே ஒத்துக்கொண்டு கேமை வெளியிட்டார், குமரனும் இன்றுவரை உரக்கடை மாடியில்தான் இருக்கிறான். ஆகவே சக அட்டைதாரர்களே, கேமை யாரிடம் காட்டுவது என்று குழம்பாமல், வண்டியைக் கோட்டை விடப் பார்த்த ஆள் யார் என்று முதலில் விசாரியுங்கள்.