வடைகறியும் மஞ்சள் விளக்கும்

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, என்னிடம் இருந்த பிக்கப் வண்டியை என் தங்கை புருஷனுக்கு விற்றேன். எனக்கு ஊர் செல்லிப்பட்டு. சில வருஷம் அந்த வண்டியில் நெல் மூட்டையும் காய்கறியும் ஏற்றிப் பிழைத்தவன், மதகடிப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை கிடைத்ததும் அதை வாசலில் சும்மா நிறுத்தி வைத்திருந்தேன். தங்கையைக் கட்டிக் கொடுத்திருப்பது அபிஷேகப்பாக்கத்தில். மாப்பிள்ளை அதுவரை அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போய்க்கொண்டிருந்தார். வெளியில் எவனிடமோ பழைய வண்டி வாங்கி ஏமாறுவதைவிட மச்சான் வண்டி தெரிந்த வண்டி என்று அவராகத்தான் வந்து கேட்டார். "சொந்தத்துக்குள்ள வண்டி விக்காதீங்க, நாளைக்கு நல்லது கெட்டதுல மூஞ்சி பாக்கணும்" என்று என் மனைவி சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

வண்டி அவர்கள் வீட்டுக்குப் போன அன்று பூஜை போட்டார்கள். தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாம் முறையாக நடந்தது. தை அமாவாசையிலிருந்து திருஷ்டிக் கயிறு கட்டப் போவதாகத் தங்கை சொன்னாள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டி மூக்கில் தொங்கவிடுவது. எங்கள் பக்கத்தில் அது தொங்காத வண்டியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

தை அமாவாசைக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், மீட்டர்ல மஞ்சளா இஞ்சின் படம் எரியுது. லோடு ஏத்துனா வண்டி இழுக்கவே மாட்டுது. இன்னா மச்சான் இது?"

என்னிடம் இருந்தவரை அந்த விளக்கு எரிந்ததே இல்லை. சாவி போட்டதும் ஒரு கணம் எரிந்து அணையும், அதோடு சரி. டீசல் எங்கே போட்டீர்கள், பில்டர் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டேன். பிறகு மதகடிப்பட்டில் நான் வழக்கமாகக் காட்டும் மெக்கானிக்கிடம் கொண்டுவரச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, டர்போவின் காற்றழுத்தத்தைச் சொல்லும் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றார். அந்தத் தகவல் வராவிட்டால் இஞ்சின் பயந்துகொண்டு பாதி பலத்தில்தான் ஓடுமாம். சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டி, எர்ரரை அழித்தார். விளக்கு அணைந்தது. எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மாசியில் மறுபடியும் போன். இந்தத் தடவை வில்லியனூர் தாண்டி மேட்டில் ஏறும்போது, காய்கறி லோடோடு வண்டி மூச்சு வாங்கி நின்றிருக்கிறது. பின்னால் வந்த பஸ்காரன் திட்டிய திட்டு மாப்பிள்ளைக்கு ஜீரணமாகவில்லை. மெக்கானிக் சென்சாரையே புதிதாக மாற்றினார். விளக்கு அணைந்தது. ஆனால் மாப்பிள்ளையின் பேச்சு மாறிவிட்டது. என்னிடம் நேராகப் பேசாமல் மெக்கானிக்கிடம் பேசினார். "உள்ள இன்னா இருக்குதுன்னு வித்தவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் வார்த்தை வளரும் என்று டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

பங்குனியில் விளக்கு மூன்றாம் தடவை எரிந்தது. அவர் போன் செய்துவிட்டு நேராக வண்டியையே எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியைத் திண்ணையின் மேல் வைத்தார். வைகாசியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். எங்கள் தங்கைக்கு அண்ணன் தம்பி என்று இருப்பது நான் ஒருவன்தான்.

"வண்டிய நீங்களே வச்சுக்கோங்க மச்சான். காதுகுத்துக்கு மடி குடுக்க வேற ஆள நான் பாத்துக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். என் மனைவி உள்ளேயிருந்து "அண்ணே, தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று செம்போடு ஓடி வருவதற்குள் அவர் பஸ் ஏறப் போய்விட்டார். அன்று ராத்திரி தங்கை போனில் அழுதாள். எனக்கு ஆத்திரம் அவர்மேலா, வண்டிமேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு மருமகள் காதுகுத்தில் ஊரானோடு ஊரானாகப் பந்தியில் உட்காருவதை மட்டும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "சென்சாரும் புதுசு, ஒயரும் அறுவல. எலி கடிக்கல. சாக்கெட்டு மட்டும் லூசா இருந்துச்சி, அமுக்கி உட்டேன். எரியறதுக்கு முன்னாடி நாளு இன்னா பண்ணாங்க, எங்க போனாங்கன்னு கேளுங்க. அத தெரிஞ்சிக்காம நான் பார்ட்ஸ் மாத்திக்கினே இருந்தா உங்களுக்குத்தான் செலவு" என்றார்.

அதற்குப் பிறகு வண்டியை நானே ஓட்டினேன். வேலைக்கு அதிலேயே போனேன். தெரிந்தவர்களின் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான வயல்பாதையிலெல்லாம் வேண்டுமென்றே விட்டேன். விளக்கு எரியவே இல்லை. எரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்னிடம் இருந்தால் ஓடுகிறது, அவரிடம் போனால் மக்கர் செய்கிறது என்பதை எந்த மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்வது?

முடிச்சை அவிழ்த்தது என் மனைவி, அதுவும் அடுப்படியில் இருந்து. எங்கள் அப்பாவுக்கு மாதாமாதம் அமாவாசைப் படையல் உண்டு. படையலுக்குச் சுடும் பருப்பு வடையில் மிஞ்சியது மறுநாள் காலையில் வடைகறியாகிவிடும். சித்திரை அமாவாசைக்குப் பருப்பு ஊறப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளான்னைக்கு வடைகறி. அண்ணன் போன் வராம வடைகறி துன்னா இந்த வூட்ல ருசிக்குமா?"

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். தையில் போன் வந்தபோது என் கையில் இட்லியும் வடைகறியும். மாசியிலும் அப்படியே. பங்குனியில் அவர் வாசலில் வந்து நின்றபோது கையைக்கூடக் கழுவாமல்தான் எழுந்து போனேன். மெக்கானிக் கேட்ட முன்னாடி நாள் எனக்குக் கிடைத்துவிட்டது. அமாவாசையன்று யாராவது செய்வினை வைத்துவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அமாவாசையன்று லீவு போட்டேன். வண்டி சரியாகிவிட்டது, விட்டுவிட்டு வருகிறேன் என்று தங்கைக்குப் போன் செய்துவிட்டு அபிஷேகப்பாக்கம் போனேன். மாப்பிள்ளை எங்கோ லோடுக்குப் போயிருந்தார். தங்கை படையலை முடித்து, எனக்கு இலை போட்டுச் சாப்பிட வைத்தாள். பிறகு புதுக் கயிற்றோடு வண்டிக்கு வந்தாள். நான் வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பழைய கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அறுந்து வந்தது. புதுக் கயிற்றில் எலுமிச்சம்பழம், மிளகாய், அடுப்புக்கரி, போதாததற்குக் கருப்புத் துணியில் கட்டிய கைப்பிடி அளவு படிகாரக் கட்டி. விளக்கு எரிய எரிய இவள் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். முன்பக்கத்து கிரில் சந்தில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி, எதையோ பிடித்துச் சுற்றி முடிச்சுப் போட்டு, கழன்றுவிடாமல் இருக்கிறதா என்று பலமாக இழுத்துப் பார்த்தாள்.

"எதுலம்மா கட்டற?"

"உள்ள கருப்பா ஒரு கம்பி இருக்குதுண்ணா. அதுல கட்டுனாத்தான் கீழ வுழாம நிக்குது. பாவம், அவரு வண்டிய எடுத்ததுலேர்ந்து எவன் கண்ணு பட்டுச்சோ."

நான் எழுந்து போய் பானட்டைத் திறந்தேன். அது கம்பி இல்லை. கருப்பு டேப் சுற்றிய ஒயர். அந்த சென்சாருக்குப் போகிற ஒயர், கிரில் மறைவில் ஓடுவதால் அதில் கட்டியிருந்த முடிச்சு இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. சாக்கெட்டில் நாக்கு மாதிரி ஒரு பூட்டு இருக்கும். அதைப் பார்த்தேன், உடைந்திருந்தது. என் காலத்தில் உடைந்ததா, மெக்கானிக் கழற்றும்போது உடைந்ததா, இவள் இழுத்த இழுப்பில் உடைந்ததா, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். பூட்டில்லாத சாக்கெட் இப்போதே பாதி வெளியே வந்திருந்தது. படிகாரம் ஆட ஆட, லோடு குலுங்கக் குலுங்க, நாளைக் காலையில் மீதியும் வந்துவிடும். மெக்கானிக் அமுக்கிவிடுவார், பழம் காய்ந்து லேசாகும், அடுத்த அமாவாசை வரை வண்டி ஓடும்.

எனக்கு வந்த முதல் எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. மாப்பிள்ளை வரட்டும், வண்டி முன்னால் நிற்க வைத்து, யார் செய்த வேலை என்று காட்டிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. என்னைச் சொன்ன சொல்லுக்கு வட்டியோடு கொடுத்திருக்கலாம். அதற்குள் தங்கை படிகாரத்தின் மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி அவள் வேண்டிக்கொண்டது புருஷனுக்காக மட்டும் இருக்காது, எனக்காகவும்தான். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டேன்.

"இவ்ளோ உள்ள கட்டுனா எவன் கண்ணுக்கும்மா தெரியும்? பாக்கறவன் கண்ணு மொதல்ல பழத்து மேல படணும். அதுக்குத்தான திருஷ்டியே? கீழ பம்பர்ல கட்டு" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பானட்டுக்குள் பார்த்தாள். அரிவாள்மணை எடுத்து வந்து முடிச்சைப் பதமாக அறுத்து, பம்பரில் கட்டினாள். நான் சாக்கெட்டை அழுத்தி மாட்டி, கழலாமல் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினேன். மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "சாக்கெட்டு பூட்டு ஒடஞ்சி இருந்துச்சி மாப்ள. முன்னயே நான் பாத்திருக்கணும்" என்றேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் வடைகறியை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. வைகாசி முதல் வாரம் ஆளே வந்தது. காதுகுத்துக்கு அழைக்க மாப்பிள்ளையே நேரில் வந்தார், கையில் தாம்பூலத் தட்டோடு, பக்கத்தில் தங்கை.

காதுகுத்தன்று குழந்தையைத் தூக்கி வந்து அவரே என் மடியில் வைத்தார். ஆசாரி ஊசியை எடுக்க, பிள்ளை ஊரைக் கூட்டிக் கத்த ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை என் காதருகில் குனிந்தார்.

"அந்த ஒயர்ல கருப்புக் கயித்து முடிச்சு ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சி மச்சான். நான் பிச்சிப் போட்டுட்டேன். உங்க தங்கச்சிகிட்ட சொல்லிக்கல."

"நானும் சொல்லல" என்றேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார். காது குத்தி முடிகிறவரை எடுக்கவில்லை.

அந்த விளக்கு இதுவரை மறுபடி எரியவில்லை. எல்லாம் பம்பரில் தொங்கும் பழத்தின் மகிமை என்று தங்கை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டுகிறோம். சில சமயம் அப்படிச் சொல்லும்போது அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும். எனக்கென்னவோ, அன்று பானட்டுக்குள் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றும், எங்களுக்காகத்தான் அவளும் சொல்லாமல் இருக்கிறாள் என்றும் படுகிறது. கோளாறு எங்கே என்று தெரிந்த பிறகு குற்றம் யாருடையது என்று தேடாமல் விட்டதால்தான் அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்தாள் என்பதை, ஒவ்வொரு வடைகறி நாளிலும் நினைத்துக்கொள்கிறேன்.