நகராத ஏழாம் நம்பர்

வனவிலங்குத் துறை அலுவலகத்தின் பின்னறையில், ஜெராக்ஸ் மெஷினை ஒட்டி அவள் மேசை. பதினோரு யானைகளின் கழுத்தில் துறை மாட்டிவிட்ட பட்டைகள் அரை மணிக்கொரு தரம் சிக்னல் அனுப்பும். அவள் கம்ப்யூட்டரில் பதினோரு புள்ளிகள் நகரும். ஏதாவது ஒன்று ஊர்ப் பக்கம் திரும்பினால், அந்த ஊர்க்காரர்களின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. ஒன்பது வருடமாக இதே வேலைதான்.

"கல்யாண நாளை மறந்துடுற. யானை எங்க நிக்குதுன்னு மட்டும் தூக்கத்துலயும் சொல்ற" என்பான் புருஷன்.

அன்று காலை பத்தரைக்கு ஏழாம் நம்பர் பெண் யானையின் புள்ளி கரும்புத் தோட்டத்து ஓரமாக நின்றது. பதினொன்றுக்கும் அங்கேயே. பன்னிரண்டரைக்கும் அங்கேயேதான். போன வருடம் இப்படித்தான் இன்னொரு புள்ளி நின்றுபோனது. யாரோ திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்டிருந்த வேலிக்கம்பி. அதை நினைத்ததும் ரேஞ்சர் அறைக்கு ஓடினாள்.

"சார், ஏழு அசையவே இல்ல."

"சிக்னல் கோளாறா இருக்கும்மா."

"சிக்னல் ஒழுங்கா வருது சார். யானைதான் நகரல."

அவள் முகத்தைப் பார்த்தவர், அந்தப் பக்கம் ரோந்து போயிருந்த காவலரை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். ஆள் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டை.

முக்கால் மணி நேரம் கழித்து வயர்லெஸ் கரகரத்தது.

"அக்கா, உங்க ஏழாம் நம்பர் இங்கதான் கிடக்கு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கிடக்குன்னா?"

"ஐயோ, யானை இல்லக்கா! பட்டை. நைஞ்சு அறுந்து விழுந்திருக்கு."

"அடப்பாவி, அதை முதல்ல சொல்றதுக்கென்ன? உயிரே போயிடுச்சு! யானை எங்க?"

"தடம் ஏரிப் பக்கம் போகுது. போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டேகாலுக்கு நெட்டையின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இடது காது கிழிஞ்சிருக்கும்ல? அதேதான்க்கா. சேத்தை வாரி முதுகுல போட்டுக்கிட்டு ஜோரா நிக்குது. குட்டியும் கூடவே இருக்கு."

"பக்கத்துல போயிடாதப்பா" என்றாள்.

"புதுப் பட்டை மாட்டுற வரைக்கும் ரெண்டு பேர் தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருங்க" என்றார் ரேஞ்சர் வயர்லெஸ்ஸில். சொல்லிவிட்டு, இவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. ஏரிக்கரை ஊருக்கு எச்சரிக்கையை அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோறு ஆறி விறைத்திருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.