விளக்கு வைப்பதற்குள் கீரை

பச்சை வாசனைதான் முதலில் வரும். அம்மா தெருமுனை திரும்புவதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிடும். ஈர மண்ணும் கசங்கிய இலையும் வேர்வையும் கலந்த வாசனை. ரெட்டிபாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் ஓட்டிலும், கொடியில் காயும் துணியிலும் சிமெண்ட் தூசி படிந்தே இருக்கும் என்பதால், அந்தப் பச்சையை எங்கள் மூக்கு தனியாகப் பிரித்துவிடும். மக்காச்சோளக் கொல்லையில் களை எடுத்துவிட்டு, பிடுங்கிய களையிலிருந்தே பொறுக்கி மடிகட்டி வந்த பண்ணைக்கீரையை அம்மா வாசற்படியில் அவிழ்த்துக் கொட்டுவாள். கொல்லைக்காரருக்குக் களை, எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. அதை ராத்திரிச் சாப்பாடு என்று சொல்வதும் சரியில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஏழாவது படித்த வருஷம் புரட்டாசியில், பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் ஒருவர் எங்கள் விரலைக் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு எனக்கு எட்டரை என்று வந்தது. "வூட்ல சோறு போடுறாங்களா இல்லியா?" என்று அந்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்திலேயே நின்ற பி.டி. சார், "ரத்தம் ஏறட்டும், அப்புறம் ஓடலாம்" என்று கோ-கோ அணியிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார். திருமானூரில் நடக்கவிருந்த போட்டிக்காக நான் ஆடியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. புத்தி இருந்திருந்தால் அழுததோடு நிறுத்தியிருப்பேன். வீட்டுக்குப் போய், சிஸ்டர் கேட்ட கேள்வியை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"அடுத்த மாசம் திரும்ப வருவாங்கல்ல? வரட்டும், பாத்துக்கிறேன்" என்றாள்.

பார்த்துக்கொள்ள வீட்டில் என்ன இருந்தது? அப்பா சிமெண்ட் ஃபேக்டரியில் மூட்டை ஏற்றும் லோடுமேன். அந்த சீசனில் உலை மராமத்து என்று "ஷட்டவுன்" விட்டிருந்தார்கள்; வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் லாரி வரும். ரேஷன் அரிசியும் ரேஷன் பருப்பும் உண்டு. சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலோ மாதுளை, பேரீச்சை, ஈரல் என்று இருந்தது. அம்மா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மாதுளம்பழம் நம்ம வூட்டுக்கு வழி தெரியாம நிக்கிது போல" என்றாள். சீட்டின் கடைசியில் கீரை என்று ஒரு சொல் இருந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவள் பூலாம்பாடிப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் வளர்ந்தவள். மழை விழுந்த பத்தாம் நாள் மண்ணில் எது தலைகாட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பகல் சாப்பாடு எனக்குப் பள்ளிக்கூடத்தில். கீரை வீடு வந்து சேருவதோ சாயங்காலம். பொழுது இறங்கினால் கீரை தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத சட்டம். அடுத்த வீட்டுச் செல்வி அக்கா முதல் நாளே வந்து நின்றார். "ராத்திரில புள்ளைக்குக் கீரையா குடுக்கப் போற? செரிக்காம வவுத்தப் புடிச்சிக்கிட்டு உருளப் போவுது."

"ராத்திரில யாரு அக்கா குடுக்கப் போறா? வெளக்கு வெக்கிறதுக்குள்ள தின்னு முடிச்சிடுவோம்" என்றாள் அம்மா.

சட்டத்தை மீறவில்லை, சாப்பாட்டு நேரத்தைத்தான் நகர்த்திவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆறு மணிக்கெல்லாம் தட்டு கழுவியாகிவிடும். மற்ற வீடுகளில் அப்போதுதான் அடுப்பே மூட்டுவார்கள். வேலையிருந்த நாட்களில் அப்பா தூசி தட்டாத சட்டையோடு வந்து நேராகத் தட்டின் முன் உட்காருவார். "இது என்ன, ஆஸ்பத்திரி நேரமா?" என்று முனகுவார்; முனகிக்கொண்டே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அந்த இரண்டு மாதத்துச் சமையலை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஒரு கைப்பிடிப் பருப்போடு ஒரு மடிக் கீரையை வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கடைந்தால், கடைசல் சட்டி நிறைய வரும். வழக்கமாகத் தட்டில் சோறு குன்று மாதிரி இருக்கும், குழம்பு ஓரத்தில் ஓடும். அம்மா அதைத் தலைகீழாக்கிவிட்டாள். கொள்ளுப் பயறை ஈரத்துணியில் முடிந்து ஆணியில் மாட்டிவைப்பாள். இரண்டாம் நாள் துணியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். அதை வேகவைத்த தண்ணீர் ரசமாகும், கொள்ளு சுண்டலாகும். ஒரே ஒரு முட்டையை உடைத்து முருங்கைக்கீரைப் பொரியலில் கிளறினால், நாங்கள் மூன்று பேருமே முட்டை சாப்பிட்டோம் என்று சத்தியம் செய்யலாம். கேவுரு என்கிற கேழ்வரகு மாவில் அதே முருங்கைக்கீரையைப் பிசைந்து அடை தட்டுவாள். சந்தை நாளில் ஒரு கூறு நெத்திலிக் கருவாடு வரும். அதன் வாசனையில் அன்று இன்னும் ஒரு கரண்டி களி உள்ளே போகும். எதுவுமே பத்தாமல் போனதாக எனக்கு நினைவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து இவ்வளவு எப்படி வந்தது என்றும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் டீ. அதுதான் எங்கள் வீட்டின் ஒரே ஆடம்பரம். தொண்டையில் இறங்கிய சிமெண்ட் தூசியைச் சூடான டீதான் கழுவி இறக்கும் என்பது லோடுமேன்கள் எல்லோருடைய நம்பிக்கை. தட்டை எடுத்த கையோடு, பால் ஊற்றாத டீ கொதித்து வரும். மூன்று டம்ளர். அப்பா ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே அன்றைக்கு லாரிக்காரர்களிடம் நடந்த சண்டையெல்லாம் நடித்துக் காட்டுவார். நாள் முழுக்க வாய் திறக்காதவர் அந்த ஒரு டம்ளருக்குத்தான் பேசுவார். வெல்லம் ரத்தத்துக்கு நல்லது என்று அம்மா என் டம்ளரில் மட்டும் ஒரு துண்டு கூடப் போடுவாள். சிஸ்டர் கொடுத்த சத்து மாத்திரையையும் நான் அந்த டீயிலேயே விழுங்கினேன்.

அடுத்த மாதம் சிஸ்டர் வந்தபோது, அம்மா களை வேலைக்குப் போகாமல் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். விரலைக் குத்தினார்கள். எட்டு புள்ளி ஏழு. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். "தெனம் கீரைங்க, தெனம். கொள்ளு, கேவுரு, எல்லாந்தான் குடுக்குறேன்" என்று அவள் அடுக்கினாள். சிஸ்டர் இந்த முறை சிரிக்கவில்லை. அம்மாவை உட்காரவைத்து, என்னென்ன செய்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, "சாப்புட்டதும் என்னம்மா குடிக்கிது?" என்றார்.

"டீங்க. வெல்லம் போட்டு."

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க தேடித்தேடிக் குடுத்ததுல பாதிய அந்த டீ ஒடம்புல சேர வுடாம தடுத்துருக்கும்மா. சாப்புட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. அதுக்குப் பதிலா எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சி வுடுங்க."

திரும்பி வரும் வழியில் அம்மா கடையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கினாள். தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அவளுக்கு. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோதுதான் அழுதாள். அப்பா அடுப்பைப் பார்த்தார். பிறகு, "சரி, இனிமே சாப்புட்டதும் டீ போடாத" என்றார்.

"உங்களுக்கு மட்டும் போடுறேங்க. தூசி."

"புள்ளய உக்கார வெச்சிக்கிட்டு நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது? ஒரு மணி நேரம் ஆவட்டும். எல்லாரும் சேந்தே குடிப்போம்."

அன்றிலிருந்து அவர் டம்ளரில் வெந்நீர். அதைக் குடித்துக்கொண்டு லாரிக்காரர் கதை சொல்ல அவருக்கு வரவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு இருமுவார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் என் தட்டில் எலுமிச்சை பிழிந்த கீரையைத் துளி மிச்சமில்லாமல் வழித்துத் தின்பேன்.

மூன்றாம் முறை பதினொன்று வந்தது. பி.டி. சார் என் பெயரைத் திரும்ப எழுதினார். திருமானூர் போய் முதல் சுற்றிலேயே தோற்று, பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினோம். அம்மாவுக்குத் தோற்றதெல்லாம் காதில் விழவே இல்லை. "மூச்சு வாங்காம ஓடுனியா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது, திருச்சியில் இருக்கிறேன். மக்காச்சோளக் கொல்லைகளில் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். பண்ணைக்கீரை தலைகாட்டுவதே இல்லை, களை எடுக்க ஆளும் தேவையில்லை. லைன் வீட்டு முருங்கையும் ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டது. அம்மா கடையில் அரைக்கீரை வாங்கிக் கடைகிறாள். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் என்ன இருக்கப்போகிறது என்று அதையே திட்டுகிறாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சாயங்காலச் சாப்பாட்டின் நடுவே அப்பாவுக்கு இருமல் வந்தது. மூட்டை தூக்குவதை விட்டுப் பல வருஷமாகியும் அந்த இருமல் விடவில்லை. பாதியில் எழுந்துபோய் ஒரு டம்ளர் டீ போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் மறுபடி என் தட்டின் முன் உட்கார்ந்தேன். அவர் டம்ளரை எடுக்கவில்லை. என் தட்டைப் பார்த்தார், அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"புள்ள இன்னும் சாப்புடுது" என்றார் அம்மாவிடம். "ஒரு மணி நேரம் ஆவட்டும்."