பத்து விரலும் பதியணும்

கையைத்தான் முதலில் பார்ப்பார். பெயரையோ போகும் நாட்டையோ கேட்பதற்கு முன்னால், "கையக் காட்டுங்க" என்பார். வந்தவர் தயங்கி வலது கையை மட்டும் நீட்டினால், "ரெண்டையும்தான். ஒண்ண வீட்டுல வச்சுட்டா வந்தீங்க?" என்று பிடித்து இழுத்து, வாசல் வெளிச்சத்தில் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். "கல்யாணம் எப்போ ஆகும்னு சொல்லுங்கக்கா" என்று யாராவது கேலியாகக் கேட்பதுண்டு. "அதுக்கு மூஞ்சியப் பாக்கணும், கை போதாது" என்று பதில் வரும்.

விசா விண்ணப்ப மையத்துக்கு நேர் எதிரே ஒன்பதடிக்கு ஏழடிக் கடை. ஒரு கணினி, நகலெடுக்கும் இயந்திரம், புகைப்படத்துக்கு ஒரு வெள்ளைத் திரை, கண்ணாடி போட்ட மேசை, மூன்று நாற்காலிகள். தெருவில் அவருக்கு ரேகையக்கா என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு. பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை மூன்றாவது நாற்காலி எனக்கு.

படிவத்தை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். ஏன் என்று கேட்டேன். "தெரியாத விஷயத்துல யாரும் தப்பு பண்ண மாட்டாங்கய்யா. நாலு பேர கேட்டுத்தான் எழுதுவாங்க. தப்பெல்லாம் சொந்தப் பேருலயும் பொறந்த தேதியிலயும்தான் இருக்கும். அங்க போய்ச் சேரும்போது நான் முழிப்பா இருக்கணும்." நம்பாமல் ஒரு மாதம் குறித்து வைத்தேன். எழுபத்து மூன்று பிழைகளில் நாற்பத்தொன்பது முதல் பக்கத்தில் இருந்தன.

கை பார்க்கும் வழக்கம் அவருடைய சொந்த அனுபவத்தில் வந்தது. இந்தக் கடை போடுமுன் ஏழு ஆண்டுகள் உணவு விடுதி ஒன்றில் பாத்திரம் தேய்த்தவர். அப்போது அடையாள அட்டைக்காக விரல் பதியப் போயிருக்கிறார். "மெஷினு என்ன மூணு தடவ துப்பிடுச்சு. நாலாவது தடவ ஆளே இல்லன்னுடுச்சு. எதிர்ல குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்!" சலவைக்காரர், தச்சர், பொட்டலம் கட்டுபவர், தாள் அடுக்குபவர் என்று யார் வந்தாலும், ரேகை தேய்ந்திருந்தால், அது மறுபடி வளரப் பத்து நாள் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்வார். மையத்தில் விரல் பதியும் தேதியை மாற்றிக்கொண்டு அவர்களும் சொன்னபடி செய்வார்கள்.

தேதியை மாற்ற முடியாத ஒருவர் சென்ற மாதம் நான்காம் தேதி, பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார். நாற்பத்தோரு வயதுக் கொத்தனாரம்மா. உடன் கணவர். இந்த நகரம், வெளிநாட்டு நகரம் ஒன்று என இரண்டின் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் ஆள் பரிமாற்றம் செய்துகொள்கின்றன. இங்கிருந்து ஒருவர் ஆறு மாதம் அங்கே போய்ப் பழைய கற்சுவர்களைப் புதுப்பிக்கும் வேலை பழக வேண்டும். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். நூற்றுப் பதினெட்டுப் பேரில் இந்த அம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புறப்பாடு பத்தொன்பதாம் தேதி. விசா வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அன்று விரல் பதியவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"பதினொண்ணு நாப்பதுக்கு வரச் சொல்லியிருக்காங்க. படிவத்த மட்டும் ஒரு பார்வ பாத்துக் குடுத்துடுங்கக்கா" என்றார் கொத்தனாரம்மா.

"கையக் காட்டு" என்றார் ரேகையக்கா. காட்டினார். நுனிகள் கூழாங்கல் போல வழவழவென்று சிவந்திருந்தன.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"சிமெண்ட் கறை போகவே இல்லக்கா. பெரிய ஆபீசு, இந்தக் கையோட எப்படிப் போய் நிக்கிறதுன்னு நேத்து தேய்ப்புக்கல்ல எடுத்து நல்லாத் தேச்சுட்டேன்."

பூசிய சுவரின் சொரசொரப்பை எடுக்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கல் அது.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே. கைய சுவருன்னு நெனச்சுட்டா" என்றார் கணவர்.

"நீ சும்மா இரு. இவரு என்கிட்ட சித்தாளா இருக்காருக்கா. அங்க வாயத் தெறக்க முடியாது. அதான் இங்க வந்து பேசுறாரு."

ரேகையக்கா சிரிக்கவில்லை. மைத்தட்டை எடுத்து வெள்ளைத் தாளில் பத்து விரலையும் ஒற்றி எடுத்தார். ஆறில் கோடுகள் தெரிந்தன. நான்கு வெறும் கறுப்புத் திட்டுகள். மை போகத் துடைத்துவிட்டு, கைகளை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்தார். மெல்லிய துணியால் ஒற்றினார். பட்டாணி அளவு களிம்பைத் தடவி ஊறவிட்டுத் துடைத்தார். மறுபடி நீர். இப்படி ஐந்து முறை. வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பதினொன்றே கால் மணிக்கு மறுபடி மை ஒற்றினார். திட்டாக இருந்த நான்கில் மூன்றில் மயிரிழை போல வளைவுகள் தெரிந்தன. கல் முழுவதையும் கொண்டுபோய்விடவில்லை. காய்ந்து படுத்துக் கிடந்தவை நிமிர்ந்திருந்தன. பதிவேடுகளில் எத்தனையோ ஆயிரம் பெருவிரல் ரேகைகளை வாங்கியவன் நான். இல்லாமல் போன ஒன்று திரும்பி வருவதை அன்றுதான் பார்த்தேன். தாளின் மேல் குனிந்தேன்.

வலது ஆள்காட்டி விரல் மட்டும் திட்டாகவே இருந்தது.

"மேசைக் கண்ணாடி மேல வை, பாக்கலாம்" என்றார். கொத்தனாரம்மா வைத்த வேகத்தில் மேசை அசைந்தது. "ஏம்மா, பூச்சு வேலையா பாக்குற? நீ அமுக்குனா இருக்குற ஒண்ணு ரெண்டு கோடும் நசுங்கிப் போகும். பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பொண்ணு."

"காய்ச்சல் அடிக்குதான்னு தூங்குற பிள்ள நெத்தியில கை வச்சுப் பாப்பல்ல? தூக்கம் கலையக் கூடாது, சூடும் தெரியணும். அப்படி வை."

இருபது தடவையாவது வைத்துப் பார்த்திருப்பார். கடைசி ஏழெட்டுத் தடவைகளில் விரல் கண்ணாடியில் வந்து அமர்ந்த சத்தமே கேட்கவில்லை. பதினொன்று முப்பத்து நான்குக்குத் தெருவைக் கடந்து உள்ளே போனார். விண்ணப்பிப்பவருக்கு மட்டும்தான் அனுமதி. கணவர் எங்களோடு நின்றார்.

"பதிஞ்சிடும்ல அக்கா?"

"விசா குடுக்குறது அவங்க வேல. விரல் நம்ம வேல. நம்ம வேலய முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவர்களில் முதல் ஆளின் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவருக்கு இந்தப் பரீட்சை அன்றாடம் நடப்பது, பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் கொத்தனாரம்மா ஓடிவந்தார். கையில் ரசீது.

"ஒம்பது விரல் சட்டுனு எடுத்துடுச்சுக்கா. இந்த விரல் மட்டும் மூணு தடவையும் சிவப்பு. இன்னும் ஒரு தடவதான்னுட்டாங்க. கண்ண மூடிட்டேன். சின்னவ நெத்தின்னு நெனச்சுக்கிட்டே வச்சேன். பச்ச எரிஞ்சிடுச்சு!"

கணவர் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ ஆறு மாசம் என்ன யாரு வையிறது?"

"போன்ல வையிறேன், வா."

"ரசீத மடிக்காத, உறையில போடு" என்றார் ரேகையக்கா. இருவரும் முனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, அடுத்தவரை உட்காரச் சொன்னார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொட்டது, எழுத்து வரவில்லை. கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று சொல்லி, இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் நிற்பதற்காகக் காத்திருந்தார்.