கட்டருக்கு அடியில் எலுமிச்சம்பழம்

வரைபடத்தைப் படித்து, உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்கான கட்டளைகளைத் தானாகவே எழுதும் புரோகிராம் ஒன்றை உருவாக்கியிருந்தேன். மெர்லிமாவ் ஊரிலுள்ள பட்டறையில் அன்றுதான் முதல் சோதனை. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றதால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் ஓட்டும் சேகரோ அலுமினியக் கட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்தான்.

"புது வண்டின்னா பழத்து மேல ஏத்துறோம்லா? இதுவும் புதுசுதானே!"

"டேய், பாஸ் பாக்குறாருடா. சீக்கிரம்லா!"

பட்டனை அழுத்தினான். மேலே உயர்ந்து நகர வேண்டிய கட்டர் நேராகக் கீழே பாய்ந்தது. பழச்சாறு என் கண்ணில் தெறித்தது. உயரத்துக்கு முன்னால் என் புரோகிராம் ஒரு மைனஸ் குறியைச் சேர்த்திருந்தது. அலுமினியமாக இருந்திருந்தால், கட்டரே உடைந்து அதே கண்ணில் பாய்ந்திருக்கும்.

இன்றும் ஒவ்வொரு புது புரோகிராமுக்கும் முதலில் பாசாரில் எலுமிச்சம்பழம் வாங்குகிறேன். சாமிக்கா, சோதனைக்கா என்று சேகர் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண்தான் எரிகிறது.